சக்கரவர்த்தி வேஷத்துக்கு வாரிசு

சக்கரவர்த்தி செத்துப்போன சேதி உலர்களத்துக்கு வந்தபோது செவெரினு கொக்கோக் கொட்டையைப் பலகையால் புரட்டிக்கொண்டிருந்தான். தளத்துக்குக் கீழே அடுப்பு எரிந்தது. மேலே சுடுகல், அதன்மேல் கொட்டை, அதற்கும் மேலே மூக்கை அரிக்கிற புளித்த நெடி. சேதி கொண்டுவந்தவன் லாரி டிரைவர்.

"சாந்தா ரீத்தாவுல மலாக்கியாஸ் போயிட்டாராம்பா. கூத்துல சக்கரவர்த்தி கட்டுவாரே, அவருதான்."

செவெரினு பலகையை நிறுத்தவில்லை. செத்தவர் அவனுக்கு அப்பன் என்பது களத்தில் நின்ற அத்தனை பேருக்கும் தெரியும். சாந்தா ரீத்தா கிராமத்துக்கும் தெரியும். ஆனால் யாரும் துக்கம் விசாரிக்கவில்லை. ஊரறிந்த அப்பன்தான், ஊர் ஒப்புக்கொண்ட அப்பன் இல்லை.

அவன் மனதில் ஓடியது வேறு. சாந்தா ரீத்தாவில் அப்பனுக்கு மரக்கால்களின் மேல் நிற்கும் ஒரு பலகை வீடு உண்டு. பின்னால் துண்டு நிலம், அதில் ஈரப்பலா, வாழை, இரண்டு தென்னை. இனி அந்த வீட்டில் யார் இருப்பார்கள்? இவனோ தோட்டத்துக் கூலிகளின் வரிசை வீடான லயத்தில் ஒற்றை அறைக்குள் மனைவி எர்மிந்தா, நாலு பிள்ளைகள், அம்மா பிபியானா, தம்பி லினு எல்லோரோடும் அடைந்து கிடந்தான். லினுவுக்கு அப்பன் வேறு, அங்கோலாவிலிருந்து வந்த ஒப்பந்தக்கூலி. அவர் மலேரியாவில் போய்ச்சேர்ந்தார். அறையில் ஒருவன் திரும்பிப் படுத்தால் மற்ற எல்லோரும் திரும்பிப் படுக்க வேண்டும்.

தீவுக்கு விடுதலை வந்து பத்து வருடம் ஆகியிருந்தது. வெள்ளைத் தொரைமார் கப்பலேறிப் போனார்கள். தோட்டம் இனி மக்களுடையது, அதாவது உங்களுடையது என்று தலைநகரத்திலிருந்து ஒருவர் வந்து கூடத்தில் நின்று பேசினார். எல்லோரும் கை தட்டினார்கள். மறுநாள் விடிவதற்குள் அதே மணி, வரிசையில் நிறுத்தி ஆள் எண்ணுகிற அதே பிரட்டு, அதே லயம். மணி அடிக்கிற கங்காணியைத் தோழர் என்று கூப்பிடச் சொன்னார்கள். கூப்பிட்டார்கள்.

சாந்தா ரீத்தாக்காரர்கள் ஃபோரோக்கள். அவர்களுடைய மூதாதையரும் கப்பலில் விலங்கு பூட்டி வந்தவர்கள்தான். என்ன, முந்தி வந்தார்கள், முந்தி அடிமை விடுதலைச் சீட்டு வாங்கினார்கள். அன்றைக்கு எடுத்த வைராக்கியம், வம்சத்தில் ஒருத்தன் தோட்டத்து வெட்டுக்கத்தியைத் தொடக்கூடாது. தச்சுவேலை செய்வார்கள், துணி தைப்பார்கள், அரசாங்கக் கச்சேரியில் எழுதுவார்கள், சும்மாவும் இருப்பார்கள். தோட்டக்கூலி மட்டும் கிடையாது. கொக்கோவை யாராவது வெட்டித்தானே ஆகவேண்டும்? வெள்ளைக்காரன் அங்கோலாவிலிருந்து ஏற்றினான், மொசாம்பிக்கிலிருந்து ஏற்றினான், மழை பொய்த்துச் சனங்கள் சுருண்டு விழுந்த வருடங்களில் கேப் வெர்டே தீவுகளிலிருந்து ஏற்றினான். பிபியானா அப்படி வந்தவள். மூன்று வருடத்தில் திருப்பி அனுப்புகிறோம் என்றார்கள். சொன்னவர்கள் திரும்பிப் போய்விட்டார்கள். அவள் இருக்கிறாள்.

சேதி வந்து சில வாரங்கள் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, லயத்து வாசலில் இரண்டு பெரிய மனிதர்கள் வந்து நின்றார்கள். ஒருவர் செத்தவரின் தம்பி ஒனோரியு. கூத்தில் மந்திரி. அந்த வெயிலிலும் கறுப்புக் கோட்டு. இன்னொருவர் தமியான். கூத்தில் பிஷப், மற்ற நாட்களில் தையல்காரர். லயத்துப் பிள்ளைகள் பிணம் பார்க்கிற மாதிரி சுற்றி நின்று பார்த்தன. ஃபோரோ ஒருத்தன் லயத்துக்குள் காலெடுத்து வைத்து அவை பார்த்ததில்லை.

பிபியானா முக்காலியைத் துடைத்துப் போட்டாள். அவர்கள் உட்காரவில்லை.

"தம்பி நல்லா உசரமாத்தான் இருக்கான்" என்றார் ஒனோரியு, செவெரினுவை மேலும் கீழும் பார்த்து.

"மாடு பிடிக்க வந்தீங்களா, ஆளு பாக்க வந்தீங்களா?" என்றாள் பிபியானா.

தமியான் தொண்டையைக் கனைத்தார். "திருவிழா வருது. சக்கரவர்த்தி இல்ல. அதான் விஷயம்."

இந்தக் கூத்து ஏதோ ஒரு காலத்தில் வெள்ளைக்காரன் கொண்டுவந்து போட்ட கதை. சக்கரவர்த்தியின் மகன் கொலை செய்துவிடுவான்; மந்திரி, பிஷப், வக்கீல்கள் எல்லோரும் மதியத்திலிருந்து பொழுது சாயும்வரை வழக்காடுவார்கள்; கடைசியில் சக்கரவர்த்தி மகனென்றும் பாராமல் தண்டனை சொல்வார். மலாக்கியாஸ் வாழ்நாளெல்லாம் அதைக் கட்டினார். மேடையில் மகனை மகன் என்று ஒப்புக்கொண்டு தண்டிப்பார். மேடைக்கு வெளியே ஒப்புக்கொள்ளாமலே தண்டித்தார்.

வேஷங்கள் அப்பனிலிருந்து மகனுக்குப் போகும். அந்தக் குல்லாயைப் போட்ட அத்தனை முன்னோர்களும் திருவிழாவன்று வந்து போட்டவன் மேல் உட்காருவார்கள் என்பது நம்பிக்கை. வேற்று ரத்தத்தில் உட்காரமாட்டார்கள். உட்கார இடமில்லாமல் ஊருக்குள் திரிவார்கள். முன்பு ஒருமுறை வேறு குடும்பத்துப் பள்ளிக்கூட வாத்தியாருக்குத் தளபதி வேஷம் கொடுத்து, அவர் காய்ச்சலில் படுத்துக் கொஞ்சநஞ்சம் இருந்த முடியும் கொட்டிப்போனதாம்.

"அவருக்குத்தான் மோதிரம் மாத்துன பொண்டாட்டிகிட்ட ரெண்டு புள்ளைங்க இருக்காங்களே" என்றான் செவெரினு.

"பெரியவன் லிஸ்பன்ல கட்டட வேலைக்குப் போனவன். வரமாட்டேங்கறான். சின்னவன் புதுச் சபையில சேந்துட்டான். முகமூடி போட்டா நரகமாம்."

"அதனால?"

ஒனோரியு மேலே கூரையைப் பார்த்தார். "ரத்தம்னு பாத்தா... நீயும் இருக்கே."

அறைக்குள்ளிருந்து லினு சிரித்தான். "அம்மா, அண்ணனுக்கு ரத்தம் இருக்காம். இத்தன நாளா கொக்கோத் தண்ணிதான் ஓடுதுன்னு நெனச்சுட்டு இருந்தேன்."

"சும்மா கிடடா" என்றாள் பிபியானா. ஆனால் அவளும் ஒனோரியுவை விடவில்லை. "என் பையன் இங்க பொறந்தப்ப உங்க அண்ணன் வரல. ஞானஸ்நானத்துக்கு வரல. அன்னிக்கு உங்க வீட்டுல சொன்னது என்ன தெரியுமா? படகுல வந்த சாதிகூட எங்களுக்கு என்ன பேச்சுன்னு."

"பழைய கதையெல்லாம் எதுக்கும்மா."

"நீங்க மட்டும் ஈரப்பலாவுல காய்ச்சு விழுந்தீங்களா? இந்தத் தீவுல குரங்குகூட கப்பல்ல வந்துதுதான். நீங்க முன்னாடி கப்பல், நாங்க பின்னாடி கப்பல். அவ்வளவுதான் வித்தியாசம்."

தமியான் முக்காலியில் உட்கார்ந்துவிட்டார். அவருக்கு வயசும் ஆகியிருந்தது, பானையில் சோளக்கஞ்சி மணமும் அடித்தது. பிபியானா தட்டில் ஊற்றி வைத்தாள். தோட்டக்காரி கைச்சோறு என்று முதலில் தயங்கியவர், பிறகு தட்டை வழித்துத் துடைத்தார்.

"சரி, கட்டறேன்" என்றான் செவெரினு.

அவன் கணக்கு எளிமையானது. அப்பனுடைய குல்லாயைப் போடுகிற அளவுக்கு மகன் என்றால், அப்பனுடைய வீட்டில் படுக்கிற அளவுக்கும் மகன்தான்.

அவர்கள் போனபிறகு பிபியானா பானை கழுவிக்கொண்டே சொன்னாள், "உங்கப்பன் ஏன் உன்னை ஒத்துக்கலன்னு நெனைக்கறே? நான் படகுல வந்தவங்கறதாலயா?"

"வேற எதுக்காம்?"

"அம்பத்து மூணு."

ஐம்பத்து மூன்று என்றால் தீவில் யாருக்கும் விளக்க வேண்டாம். ஃபோரோக்களையும் தோட்டவேலைக்குப் பிடித்துக் கட்டப்போகிறான் கவர்னர் என்று புகைந்து, அது வெடித்து, பட்டாளம் கிராமம் கிராமமாகப் புகுந்த பிப்ரவரி. பிடித்தார்கள், சுட்டார்கள், கடலில் தள்ளினார்கள். மலாக்கியாஸ் அப்போது இளந்தாரித் தச்சன்.

"அதுக்கு முன்னாடி உலர்களத்துக்கு மரச்சட்டம் போட வந்த ஆளு. எனக்கு மொகம் தெரியும். ஒரு நாளு பொழுது விடியறப்ப இங்க வந்து என் கட்டிலுக்கு அடியில பூந்துட்டான். பட்டாளத்தான் ஃபோரோவை எல்லா எடத்துலயும் தேடுவான், லயத்துல தேடுவானா? செத்துப்போன ஒரு கூலியோட பேரைக் கொடுத்து வரிசையில நிறுத்தினேன். ஒரு மாசத்துக்கு மேல பிரட்டுல நின்னான். வெட்டுக்கத்தி பிடிச்சான். நல்லாத்தான் வெட்டினான், பொய் சொல்லக்கூடாது. அடங்கினதும் ஊருக்குப் போனான். எங்கடா இருந்தேன்னு கேட்டவங்ககிட்ட காட்டுல ஒளிஞ்சிருந்தேன்னு சொல்லிட்டான். வீரனாயிட்டான். அடுத்த வருஷம் சக்கரவர்த்தியும் ஆயிட்டான். அப்படியிருக்க நீ பொறந்தது எப்படின்னு எங்க போயி சொல்லுவான்?"

லினுதான் பேசினான். "அப்ப கட்டிலுக்கு அடியில மட்டும் இருக்கல போலருக்கு."

பிபியானா ஈரத்துணியால் அவன் முதுகில் ஒன்று போட்டாள்.

திருவிழாவுக்கு முந்தின வாரம் ஒருநாள் விடிகாலை செவெரினுவைக் கல்லறைத் தோட்டத்துக்குக் கூட்டிப் போனார்கள். ஒனோரியு கரும்புச் சாராயத்தை மலாக்கியாஸ் தலைமாட்டில் ஊற்றினார். "அண்ணே, இது உன் மகன் செவெரினு. உன் குல்லாயும் கோலும் இனிமே இவனுக்குத்தான். கோபப்படாம வந்து உக்காரு" என்றார். தமியான் ஆமென் போட்டார். மீதிச் சாராயத்தை உயிரோடிருப்பவர்கள் குடித்தார்கள்.

மகன் என்று சொன்னது அவன் காதில் விழுந்துவிட்டது. அந்த ஒரு சொல்லுக்காகத்தான் அவன் வந்திருந்தான். வாசலுக்கு வரும்போதே கேட்டுவிட்டான்.

"சித்தப்பா, வீட்டுச் சாவி யாருகிட்ட இருக்கு?"

ஒனோரியு நின்றார். சித்தப்பா என்ற சொல் கல்லில் இடறியது போல அவரைத் தடுமாற வைத்தது. "எதுக்கு?"

"மகன்னு சொன்னீங்களே."

"அது செத்தவங்ககிட்ட சொன்னது. உசிரோட இருக்கறவங்ககிட்ட யாரு சொன்னா?"

"ரெண்டும் ஒண்ணுதானே."

"எப்படிப்பா ஒண்ணாகும்? செத்தவங்களுக்கு ரத்தம் தெரியும். ஊருக்கு மரியாதை தெரியும். அவங்ககிட்ட ஒண்ணு சொல்லுவோம், இவங்ககிட்ட ஒண்ணு சொல்லுவோம். ஆதியிலேருந்து அப்படித்தான்." அவர் குரலில் கள்ளமே இல்லை. உண்மையிலேயே அவருக்கு அதில் முரண் எதுவும் தெரியவில்லை. வீட்டைத் தன் மருமகனுக்குக் கொடுப்பதாகச் சொல்லியாயிற்று என்பதையும் அதே மூச்சில் சொன்னார். "நீ கூத்தை நல்லாக் கட்டு. திருவிழாப் பந்தியில உனக்கு ஒரு தட்டு உண்டு."

திருவிழாவன்று கோயில் மைதானம் கொள்ளாத கூட்டம். தோட்டத்திலிருந்தும் பெண்களும் பிள்ளைகளும் வந்து மைதானத்து ஓரத்தில் நின்றார்கள். உள்ளே வர யாரும் தடுக்கவில்லை, யாரும் கூப்பிடவும் இல்லை. செவெரினுவுக்கு வெல்வெட் அங்கி, வெள்ளைக் கையுறை, வெள்ளை பூசிய கம்பிவலை முகமூடி, அட்டைக் கிரீடம் தைத்த அந்தக் குல்லாய், கோல். முகமூடிக்குள் அப்பனின் வியர்வை நாற்றம் மிச்சமிருந்தது. சிம்மாசனம் என்பது கள்ளுக்கடை நாற்காலிதான்.

வசனத்துக்குப் பஞ்சமில்லை. சின்ன வயதில் வருடா வருடம் மைதானத்து ஓரத்தில் நின்று பார்த்தவன். ஊர் முழுக்கவே மனப்பாடமாகக் கிடக்கும் வசனம் அது. குரல் அப்படியே மலாக்கியாஸ் என்று கிழவிகள் சிலுவை போட்டுக்கொண்டார்கள். உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டார் என்று பேசிக்கொண்டார்கள். புல்லாங்குழலும் தப்பட்டையும் நிற்கவே இல்லை. பிரபுக்கள் ஆடிக்கொண்டே வழக்காடினார்கள், வழக்காடிக்கொண்டே ஆடினார்கள். பொழுது மேற்கே இறங்கிற்று. பந்தலுக்குப் பின்னால் மீன்குழம்பு கொதிக்கும் வாசனை வந்தது.

தீர்ப்புக் கட்டம். மந்திரி வேஷத்தில் ஒனோரியு முன்னால் வந்து குனிந்தார். "மகாப் பிரபுவே, குற்றவாளிக்குத் தீர்ப்பு அருளுங்கள்."

செவெரினு கோலைத் தட்டினான். எழுந்திருக்கவில்லை.

"தீர்ப்பளிப்போம். அதற்கு முன் ஒரு வழக்கு நிலுவையில் உள்ளது" என்றான், கூத்துக் குரலிலேயே.

கூட்டம் சிரித்தது. வக்கீல் கட்டத்தில் ஊர்வம்பு எதையாவது இழுத்துவிடுவது வழக்கம்தான். போன வருடம் ரேஷன் கடைக்காரனை இழுத்தார்கள். சக்கரவர்த்தியே இழுப்பது புதுசு.

"என்ன வழக்கு, பிரபுவே?"

"மகனைத் தண்டிப்பவன் தானும் ஒருவன் மகனாக இருக்க வேண்டும். யாம் யாருடைய மகன்? மந்திரி சபையோருக்குச் சொல்லட்டும்."

சிரிப்பு அடங்கியது. ஒனோரியு நெருங்கி வந்து, முகமூடியோடு முகமூடி உரச, பல்லைக் கடித்தார். "டேய், தீர்ப்பைச் சொல்லிட்டு எறங்குடா."

"நீங்க சொல்லுங்க, நான் சொல்றேன்" என்றான் இவன், முகமூடிக்குள்ளேயே.

தீர்ப்பு வராமல் கூத்து முடியாது. கூத்து முடியாமல் ஆட்டம் நிற்கக்கூடாது. ஆட்டம் நிற்காவிட்டால் பந்தி இல்லை. பிரபுக்கள் சுற்றிச் சுற்றி வந்தார்கள். தமியானுக்குப் பிஷப் அங்கிக்குள் கால் பின்னியது. "ஒனோரியு, எதையாவது சொல்லித் தொலையேன். எனக்கு முட்டி போகுது" என்று ஆடிக்கொண்டே கத்தினார். கூட்டத்தில் பசித்தவர்கள் முனகத் தொடங்கினார்கள். ஒரு கிழவர் எழுந்து, முன்னோர்களை இப்படிக் காக்க வைப்பது ஊருக்கு ஆகாது என்றார்.

ஒனோரியு அசையவில்லை. மரியாதை என்பது அவருக்கு முட்டிவலியைவிடப் பெரிது.

அப்போது செவெரினு நாற்காலியில் சாய்ந்துகொண்டு, மைதானம் முழுக்கக் கேட்கிற குரலில் சொன்னான்: "மந்திரிக்கு வாய் அடைத்துவிட்டது. ஆகையால் யாமே சாட்சி கூப்பிடுகிறோம். ஐம்பத்து மூன்றாம் வருடம் பிப்ரவரியில் எம் தகப்பனார் எந்தக் காட்டில் ஒளிந்திருந்தார்? அந்தக் காட்டுக்குச் சொந்தக்காரி இதோ ஓரத்தில் நிற்கிறாள். வரச்சொல்லுங்கள்."

பிபியானா தலைத்துணியை இழுத்துக் கட்டிக்கொண்டு ஒரு அடி எடுத்து வைத்தாள்.

ஒனோரியுவுக்கு எவ்வளவு தெரியும் என்று யாருக்கும் தெரியாது. ஆனால் முகமூடிக்குக் கீழே அவர் கழுத்து நரம்பு புடைத்ததை முன்வரிசை பார்த்தது. அவள் இரண்டாவது அடி வைப்பதற்குள் அவர் கையைத் தூக்கிவிட்டார்.

"சபையோர் அறிக" என்று கத்தினார். "சக்கரவர்த்தி என் அண்ணன் மலாக்கியாஸின் மகன். எங்கள் ரத்தம். எங்கள் வம்சம். இதில் சாட்சி எதற்கு?"

"வீடு?"

"வீடும் அவனுடையது."

"சாவி?"

அவர் வெல்வெட்டுக்குள் கை விட்டு, அதன் கீழிருந்த கோட்டுக்குள் விட்டு, சாவியை எடுத்து வெள்ளைக் கையுறையில் வைத்தார். கூட்டம் கை தட்டியது. செவெரினு எழுந்து தீர்ப்பு வழங்கினான். குற்றவாளியை இழுத்துப் போனார்கள். எல்லோரும் பந்திக்கு ஓடினார்கள்.

பிபியானா மட்டும் எடுத்து வைத்த காலோடு கொஞ்சநேரம் நின்றாள். பிறகு தோட்டத்துப் பெண்களோடு திரும்பி நடந்தாள். இத்தனை வருடம் அடக்கி வைத்திருந்ததைச் சொல்லக் கிடைத்த ஒரே சந்தர்ப்பம், அவள் வாய் திறக்காததற்கு விலையாக விற்றுப்போயிற்று. விற்றவன் அவள் மகன்தான். நல்ல விலைதான், அதை அவளும் மறுக்கவில்லை.

குடி போகிற அன்று அவள் வரவில்லை. "அந்த வீட்டு வாசல்ல நான் வந்து நின்னா, யாரும்மா இதுன்னு கேப்பாங்க. நீ என்ன சொல்லுவே?" என்றாள். செவெரினு பதில் யோசித்தான். அவன் யோசித்ததே அவளுக்குப் போதுமாக இருந்தது. எர்மிந்தா பிள்ளைகளோடு முன்னால் போய்விட்டாள்.

முதல் வாரத்திலேயே ஒனோரியு வந்து சொல்லிவிட்டுப் போனார், உறவுக்காரர் தோரணையிலேயே. "இனிமே நீ தோட்டத்துக்குப் போகக்கூடாதுப்பா. சக்கரவர்த்தி பிரட்டுல நிக்கறான்னு வெளிய தெரிஞ்சா எங்க மூஞ்சியை எங்க வெச்சுக்கறது?" செவெரினு தோட்ட வேலையிலிருந்து நின்றுகொண்டான். வீட்டுக்குப் பின்னால் மலாக்கியாஸ் போனதிலிருந்து காடு மண்டிக் கிடந்தது. அதை வெட்டலாம் என்று அவன் கத்தியைத் தூக்க, பக்கத்து வீட்டுக்காரர் வேலிக்கு மேலே எட்டி, "ஆளு கிடைக்கலியா?" என்று கரிசனமாகக் கேட்டார். கத்தியைக் கீழே வைத்துவிட்டான்.

ஆள் கிடைத்தான். ஞாயிற்றுக்கிழமை லினு வந்தான்.

மத்தியானத்துக்குள் பாதி நிலம் வெளுத்துவிட்டது. செவெரினு மரப்படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான். முதலில் சும்மா பார்த்தான். பிறகு அந்த மூலையில் கொடி நிற்கிறது என்றான். பிறகு வேரோடு எடு, மேலாக வெட்டாதே என்றான். இதையெல்லாம் எந்தக் குரலில் சொல்ல வேண்டும் என்று அவனுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. பிறந்ததிலிருந்து உலர்களத்தில் கேட்ட குரல், தானாக வந்தது.

விழுந்து கிடந்த ஒரு பெரிய மரத்தைப் புரட்ட லினு தோள் கொடுத்தான். அது அசையவில்லை.

"அண்ணே, அந்தப் பக்கம் ஒரு கை பிடி. ஒத்த ஆளால ஆகாது."

செவெரினு எழுந்தான். அப்போது பாதையில் பூசை முடிந்து சாந்தா ரீத்தா ஊரே நல்ல துணியில் வந்துகொண்டிருந்தது. முன்னால் ஒனோரியு. அவர் தொப்பியைத் தொட்டு வணக்கம் வைத்தார். செவெரினுவும் வைத்தான். வைத்த கையைக் காற்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டான், இன்னொரு கையையும்.

"இரு, ஆளுங்க போகட்டும்" என்றான் மெதுவாக.

லினு மரத்தின்மேல் உட்கார்ந்து, கத்தியைத் தொடையில் துடைத்து, பாதையைப் பார்த்தான்.

"போகட்டும் தொரை" என்றான். "எனக்கென்ன அவசரம்."

ஆட்கள் போய்க்கொண்டே இருந்தார்கள். பெரிய ஊர்.